புல்லட்டை முழுசா செஞ்ச திருவொற்றியூருக்கு ஒரு சுவிட்ச் சிப் செய்யத் தெரியாதா?



"மேக் இன் இந்தியா" ஸ்டிக்கர் ஒட்டின ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியை எடுத்து, நாலு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க. தகரம் நம்ம ஊரு. பெயின்ட் நம்ம ஊரு. பவர் சப்ளை கூட நம்ம ஊரா இருக்கலாம். நடுவுல, ஹீட் சிங்க்குக்குக் கீழே, ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். அதுதான் ஈதர்நெட் சுவிட்ச் கன்ட்ரோலர் சிப். அது மேல பெரும்பாலும் பிராட்காம், மார்வெல், மைக்ரோசிப், ரியல்டெக் மாதிரி ஒரு பேருதான் இருக்கும். முதல் மூணு கம்பெனியும் அமெரிக்கா, நாலாவது தைவான்.

மண்டை ஓடு உள்நாடு. மூளை வெளிநாடு. இதுக்குப் பேருதான் தற்சார்பா? ஒன்றிய அரசைக் கேட்கிறோம்.

"சிப்பு, சுவிட்சு எல்லாம் ஓ.எம்.ஆர். ஐ.டி.காரங்க சமாச்சாரம், ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இதுல என்ன இருக்கு?"ன்னு யாராவது நினைச்சா, அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

🔴 இந்தச் சிப் என்ன செய்யுது?

துறைமுகம் ஜீரோ கேட்டில் வரிசையா நிக்கிற டிரெய்லர்களை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு நம்பர் இருக்கு. எங்கிருந்து வந்தது, எங்கே போகணும்னு பேப்பர் இருக்கு. கேட்டில் இருக்கிறவர் அதைப் பார்த்து "நீ இந்த யார்டு, நீ அந்த யார்டு"ன்னு பிரிச்சு அனுப்புறார்.

சுவிட்ச் சிப் செய்யுறதும் அதே வேலைதான். கம்ப்யூட்டர், கேமரா, கிரேன், எடைமேடை எல்லாத்துலேர்ந்தும் டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டா வருது. ஒவ்வொண்ணுலயும் அனுப்புறவர், வாங்குறவர் முகவரி இருக்கும். சிப் அதைப் படிச்சு, எந்த முகவரி எந்த ஒயர்ல இருக்குன்னு ஒரு அட்டவணையில ஞாபகம் வெச்சு, சரியான ஒயருக்கு மட்டும் அனுப்பும். ஒரு கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட் வரை வரலாம். 24 போர்ட் சுவிட்ச் என்றால் நொடிக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல. இவ்வளவையும் சாஃப்ட்வேர் உட்கார்ந்து பிரிச்சு முடியாது. அதுக்குத்தான் தனிச் சிப்.

வீட்டுல போடுற சாதாரண சுவிட்ச் இதோட நின்னுடும். துறைமுகத்துலயும் தொழிற்சாலையிலயும் போடுறது "மேனேஜ்டு" சுவிட்ச். அது இன்னும் மூணு முக்கியமான வேலை செய்யும்.

ஒண்ணு, பிரிச்சு வைக்கும். ஒரே பெட்டியில சொருகியிருந்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டர் தனி, கிரேன் தனி, கேமரா தனின்னு கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பும். இதுக்குப் பேரு விலான். ஒரே நெட்வொர்க்கில் 4,094 விலான் வரை வைக்கலாம்.

ரெண்டு, முந்துரிமை கொடுக்கும். கேமரா வீடியோ வழியை அடைச்சுக்கிட்டு நின்னாலும், கேஸ் கசிவு அலாரத்தை முன்னால விடும். ஆம்புலன்ஸுக்கு வழி விடுற மாதிரி.

மூணு, ஆள் அடையாளம் கேட்கும். யாரோ ஒருத்தர் லேப்டாப்பைக் கொண்டுவந்து சொருகினா, "நீ யாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ளே விடும்.

சுருக்கமா சொன்னா, துறைமுகத்துக்குள்ள எந்த மெஷின் எந்த மெஷினோட பேசலாம்னு தீர்மானிக்கிற வாட்ச்மேன் இந்தச் சிப். நம்ம வீட்டு வாட்ச்மேனை யாரு வேலைக்கு வெச்சதுன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?

🔴 தூங்கினா என்ன ஆகும்?

2017 ஜூன் 27. நாட்பெட்யா என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. மும்பைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில், மேர்ஸ்க் குழுமம் நடத்தின கன்டெய்னர் முனையம் முடங்கியது. கம்ப்யூட்டர் இல்லாம கையால வேலை பார்க்க வேண்டியதாயிற்று. லாரிகள் தேங்கி நின்றன. அந்த ஒரு தாக்குதலில் தங்களுக்கு 20 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று மேர்ஸ்க்கே அறிவித்தது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரில் எல்லாத்தையும் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததும் வைரஸ் அவ்வளவு வேகமாகப் பரவ ஒரு காரணம் என்று பின்னால் வெளியானது.

2023 ஜூலை 4. ஜப்பானின் நகோயா துறைமுகம். ரான்சம்வேர் தாக்கி, கன்டெய்னர் வேலை இரண்டு நாளுக்கு மேல் நின்றது. டொயோட்டாவின் சரக்கு போகிற துறைமுகம் அது.

2018 ஏப்ரலில் நடந்தது நேரடியாகச் சுவிட்சு மேலயே நடந்த தாக்குதல். சிஸ்கோ சுவிட்சுகளில் இருந்த ஒரு வசதியின் ஓட்டையைப் பயன்படுத்தி, உலகம் முழுக்க சுமார் 2 லட்சம் கருவிகளைத் தாக்கினார்கள். ஈரானில் மட்டும் 3,500. திரையில் அமெரிக்கக் கொடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓட்டை இருந்தது சாஃப்ட்வேரில். ஆனா பூட்டின் சாவி வேறொருத்தன் கையில் இருந்தா என்ன நடக்கும்னு அன்னிக்கு உலகமே பார்த்தது.

நம்ம தமிழ்நாட்டுக்கே வருவோம். 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது. பாடம் என்ன? பிரிச்சு வெச்சதால பிழைச்சோம்.

இப்போ நம்ம பகுதியைப் பாருங்க. ராயபுரத்தை ஒட்டி சென்னைத் துறைமுகம். எண்ணூரில் காமராஜர் துறைமுகம். பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், வல்லூரில் இன்னொன்று. கச்சா எண்ணெய், அமோனியா, நிலக்கரி, எரிவாயு எல்லாம் இந்தச் சின்னக் கடலோரத்தில், லட்சக்கணக்கான மக்கள் குடியிருக்கிற இடத்துக்கு நடுவில்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மறக்குமா? கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினார்களே! அந்தக் கசிவுக்குக் காரணம் சுவிட்ச் சிப் இல்லை. ஆனா அடுத்த முறை ஒரு கசிவு நடந்தா, சென்சார் அடிக்கிற மணி கன்ட்ரோல் ரூமுக்குப் போய்ச் சேருதா, எத்தனை நொடியில சேருதுன்னு முடிவு பண்றதுல இந்தச் சிப்புக்குப் பங்கு இருக்கு. ஓடுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னால சொல்லியிருந்தா என்ன வித்தியாசம்னு குப்பத்துத் தாய்மார்களைக் கேளுங்க.

🔴 நம்பச் சொல்றாங்க. எதை வெச்சு?

ஒவ்வொரு மேனேஜ்டு சுவிட்சிலும் "மிரர்" என்று ஒரு வசதி உண்டு. ஒரு போர்ட்டில் போகிற எல்லா டேட்டாவையும் அப்படியே காப்பி எடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும். பழுது பார்க்க வெச்ச நல்ல வசதிதான். தவறான கையில் அதுவே ஒட்டுக்கேட்கும் கருவி.

வெளிநாட்டுச் சிப்பில் பின்கதவு இருக்குன்னு நாங்க குற்றம் சாட்டவில்லை. இருக்கா இல்லையான்னு திறந்து பார்க்கிற உரிமை நமக்கு இல்லைங்கிறதுதான் எங்க குற்றச்சாட்டு. பெரிய நிறுவனங்களின் சுவிட்ச் சிப் முழு ஆவணங்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாத்தான் கைக்கு வரும். காசு கொடுத்து வாங்கின பொருளுக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. இது என்ன நியாயம்?

"நட்பு நாடுதானே, அப்படியெல்லாம் செய்யுமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பதில். அமெரிக்க உளவு அமைப்பு, ஏற்றுமதியாகும் நெட்வொர்க் கருவிகளை வழியிலேயே மறித்து, பெட்டியைப் பிரித்து, ஒட்டுக்கேட்கும் சாதனம் வைத்து, மறுபடி சீல் வைத்து அனுப்பியதை 2014ல் வெளியான ஸ்னோடன் ஆவணங்கள் காட்டின. நட்பு வேற, சாவி வேற.

🔴 ஒன்றிய அரசு என்ன செய்தது?

நியாயமா சொல்லணும்னா, சிலது செய்திருக்கு. 2021 ஜூன் 15 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நம்பகமான மூலத்திலிருந்துதான் கருவிகளை வாங்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனா அது உரிமம் பெற்ற தொலைபேசி, இன்டர்நெட் நிறுவனங்களுக்கானது. ஒரு ஆலையோ துறைமுகமோ தன் மதில்சுவருக்குள்ள ஓட்டுற நெட்வொர்க் அதுல வராது.

2025 ஏப்ரல் முதல் சி.சி.டி.வி. கேமரா விற்கணும்னா ஹார்டுவேர், சாஃப்ட்வேர், சோர்ஸ் கோடு வரை அரசு பரிசோதனைக்குக் கொடுக்கணும். அதுவும் நல்ல விதி. அப்போ அந்தக் கேமராவின் ஒயர் போய்ச் சேருற சுவிட்ச்? கண்ணுக்குச் சோதனை வெச்சா போதுமா, நரம்புக்கு வேண்டாமா?

அடுத்து, செமிகண்டக்டர். 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்ட் வரை 10 திட்டங்களுக்கு ஒப்புதல், மொத்த முதலீடு சுமார் 1.60 லட்சம் கோடி. கணக்கைப் பாருங்க:

குஜராத் – 4
ஒடிசா – 2
அசாம் – 1
உத்தரப் பிரதேசம் – 1
பஞ்சாப் – 1
ஆந்திரா – 1
தமிழ்நாடு – 0

2024-25ல் 1,465 கோடி டாலருக்கு மின்னணுப் பொருள் ஏற்றுமதி செய்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலத்துக்குப் பூஜ்யம்! நாட்டின் மின்னணு ஏற்றுமதியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தூக்கிச் சுமக்கிற தோளுக்குப் பூஜ்யம்! அசாமுக்கும் ஒடிசாவுக்கும் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷம்தான். அவங்களும் உழைக்கிற மக்கள்தான். நம்ம பங்கு எங்கேன்னுதான் கேட்கிறோம்.

🔴 "அதெல்லாம் நம்மால முடியாதுப்பா"

இந்த வார்த்தையைக் கேட்டாலே எரியுது. மூணு விஷயம் சொல்றோம்.

முதல் விஷயம். உலகின் முதல் மல்டிபோர்ட் ஈதர்நெட் சுவிட்ச் 1990ல் வந்தது. ஏழு போர்ட். அதைச் செய்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் தெரியுமா? கல்பனா! நிறுவியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளி பொறியாளர் வினோத் பரத்வாஜ். மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 1994ல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. இந்தத் தொழில் பிறந்தபோதே அதன் பெயர் கல்பனா. அப்புறம் எதுக்கு "நம்மால முடியாது"?

இரண்டாவது விஷயம். மேனேஜ்டு சுவிட்ச் சிப்புக்குள்ள நிர்வாக வேலைகளைப் பார்க்க ஒரு சின்ன பிராசஸர் இருக்கும். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசஸர் 2018லேயே சிலிக்கானில் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுக்காக அதே சக்தி அடிப்படையில் ஐரிஸ் என்ற சிப் வந்தது. வடிவமைப்பு ஐ.ஐ.டி. மெட்ராஸ், உற்பத்தி சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024ல் சக்தி அடிப்படையில் 28 நானோமீட்டர் சிப்பை வெளியிட்டது. விண்வெளிக்குப் போற மூளையைச் செய்ய முடிஞ்சவனுக்கு எடைமேடைக்குப் போற மூளை பெரிய விஷயமா?

இதுக்கு 2 நானோமீட்டர், 3 நானோமீட்டர் தேவையில்லை. 24 போர்ட் கிகாபிட் சுவிட்சுக்குப் பழைய தொழில்நுட்பமே தாராளம். குஜராத் தோலேராவில் டாடா கட்டுற ஆலையே 28 முதல் 110 நானோமீட்டர் வரைதான். சரி, ஆலையை அங்கே கொண்டு போயிட்டீங்க. சிப்பை வடிவமைக்கிற வேலையையாவது இங்கே கொடுங்க!

மூன்றாவது விஷயம், நம்ம திருவொற்றியூர் விஷயம். 1955ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கினப்போ, புல்லட் இங்கிலாந்திலிருந்து பார்ட் பார்ட்டா கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கும். இங்கே கோத்து விற்றார்கள். அப்பவும் அது "அசெம்பிள்டு இன் இந்தியா"தான். ஆனா அங்கேயே நிக்கலை. 1957ல் பாகங்கள் செய்யும் டூலிங்கையே வாங்கினார்கள். 1962க்குள் எல்லா பாகமும் இந்தியாவிலேயே. ஏழே வருஷம்! அப்புறம் இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி மூடிப் போச்சு. திருவொற்றியூர் நிக்காம ஓடுச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க ஓடுற புல்லட்டின் வேர் நம்ம மண்ணுல இருக்கு.

அந்த வழி சிப்புக்கும் பொருந்தும். சிக்னலை ஒயரில் ஏத்தி இறக்கும் அனலாக் பகுதிகள் கஷ்டமானவை. முதல் சிப்புக்கு அதை லைசன்ஸில் வாங்குவோம். பாக்கெட்டைப் பிரிக்கும் லாஜிக், விலான், பாதுகாப்பு, பிராசஸர், சாஃப்ட்வேர் நம்மளுது. இரண்டாவது சிப்பில் மிச்சத்தையும் நம்மளுதாக்குவோம். தாத்தா காலத்துல இன்ஜினுக்குச் செஞ்சதைப் பேரன் காலத்துல சிலிக்கானுக்குச் செய்யணும். அவ்வளவுதான்.

"வெளியில மலிவா கிடைக்குதே, எதுக்கு வீண் செலவு?"ன்னு ஒரு கேள்வி வரும். 1997லயும் இதைத்தான் சொன்னாங்க. அன்றைய ஒன்றிய அரசு உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர், நெட்வொர்க் சாமான்கள் மீதான வரியைப் பூஜ்யத்துக்கு இறக்க ஒத்துக்கொண்டது. பொருள் மலிவா வந்துச்சு. நம்ம ஹார்டுவேர் தொழில் எழுந்து நிக்கவே இல்லை. 2021ல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தப்போ, காசைக் கையில வெச்சுக்கிட்டு சுவிட்சுக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தாங்க. மலிவுன்னு சொன்னவன் அப்போ எங்கே போனான்?

🔴 வாங்குறவரே நீங்கதான்!

இந்தச் சிப்பைச் செஞ்சா யார் வாங்குவாங்கன்னு டெல்லி கேட்கும். சென்னைத் துறைமுகம் யாருடையது? ஒன்றிய அரசு. காமராஜர் துறைமுகம்? சென்னைத் துறைமுகத்தின் கையில், அதாவது ஒன்றிய அரசு. சி.பி.சி.எல்.? இந்தியன் ஆயில் குழுமம். மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ்? ஒன்றியப் பொதுத்துறை. வல்லூர் அனல்மின் நிலையத்தில் பாதி என்.டி.பி.சி. கடைக்காரரும் நீங்க, கஸ்டமரும் நீங்க. ஆர்டர் கொடுக்க என்ன தடை?

சிப் வடிவமைப்புக்கு ஒன்றிய அரசின் ஊக்கத்தொகைத் திட்டம் இருக்கு. செலவில் பாதி, ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் 15 கோடி. ஆனா பணத்தைவிட முக்கியம், செஞ்சு முடிச்சா வாங்கிக்கிறோம்னு ஒரு உறுதி. அது இல்லாம எந்த 25 வயசுப் பையனும் பொண்ணும் கம்பெனி ஆரம்பிக்க மாட்டாங்க. இ.சி.இ. முடிச்சவன்ங்கிற முறையில சொல்றேன். என் கூடப் படிச்சவங்கள்ல சிப் டிசைன் தெரிஞ்சவங்க வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான் டிசைன் பண்றாங்க. தெரியாதவங்க டெலிவரி பேக்கை மாட்டிக்கிட்டு திருவொற்றியூர் ஹைரோட்ல சுத்துறாங்க.

தெற்கே டைடல் பார்க், ஓ.எம்.ஆர்., சிறுசேரி. வடக்கே சாம்பல் குளம், எண்ணெய்க் கசிவு, டிரெய்லர் வரிசை. நாட்டுக்கு மின்சாரமும் பெட்ரோலும் கொடுக்கிற பகுதிக்குப் புகை மட்டும் பங்கா? சிப் வடிவமைப்புக்குப் புகைக்கூண்டு வேண்டாம், சாம்பல் குளம் வேண்டாம். இந்த மண்ணுக்கு வந்த தொழில்களிலேயே மூச்சு முட்டாத தொழிலா இது இருக்கும்.

✊ எங்கள் கோரிக்கைகள்

1. சென்னை, காமராஜர் துறைமுகங்களும் வடசென்னையின் ஒன்றியப் பொதுத்துறை ஆலைகளும் இனி வாங்கும் ஒவ்வொரு மேனேஜ்டு சுவிட்சிலும் உள்ள சிப் யாருடையது, எங்கே தயாரானது, ஃபர்ம்வேரை யார் சோதித்தது என்பதை டெண்டரிலேயே சொல்ல வேண்டும். சி.சி.டி.வி.க்கு வைத்த சோதனையைச் சுவிட்சுக்கும் வையுங்கள்.

2. அமோனியா, எரிவாயு, கச்சா எண்ணெய் கையாளும் ஆலைகளில் அலாரம் நெட்வொர்க் ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று ஆண்டுதோறும் வெளியாள் தணிக்கை நடத்தி, முடிவைச் சுற்றியுள்ள குப்பம், நகர் மக்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

3. 8 முதல் 24 போர்ட் வரையிலான ஒரு இந்திய மேனேஜ்டு சுவிட்ச் சிப்புக்கு, ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், தமிழ்நாட்டு ஸ்டார்ட்அப்கள் சேர்ந்த திட்டத்தை ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும். வடசென்னைப் பொதுத்துறை நிறுவனங்கள் முதல் ஆர்டரை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்.

4. அந்தச் சிப்பின் சோதனைக்கூடமும் பயிற்சி மையமும் வடசென்னையில் அமைய வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கு அதில் முதல் இடம் வேண்டும். இதில் மாநில அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2025 பட்ஜெட்டில் அறிவித்த 500 கோடி ரூபாய் செமிகண்டக்டர் இயக்கத்தில் வடசென்னையின் பங்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

தோழர்களே, நாம கேட்கிறது சலுகை இல்லை. நம்ம கடற்கரையில, நம்ம மூச்சுக்காற்றுக்கு நடுவுல ஓடுற மெஷின்களோட கடிவாளம் யார் கையில இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமை. அந்தக் கடிவாளத்தை நம்ம பிள்ளைகள் கையாலேயே செய்யுற வேலை.

இந்தப் பதிவை உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. துறைமுகத்துல, ஆலையில வேலை பார்க்கிற அண்ணன், அக்காக்கள்கிட்ட, "உங்க கன்ட்ரோல் ரூம்ல அலாரம் லைன் தனியா இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா, அதையே அடுத்த பகுதிக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.

கேள்வி கேட்போம். கணக்குக் கேட்போம். நம்ம சிப்பை நாமே செய்வோம்!

– தகவல் தொழில்நுட்ப அணி, வடசென்னை

#வடசென்னைக்குப்பங்குஎங்கே #நம்மதுறைமுகம்நம்மசிப் #தமிழ்நாட்டுக்குப்பூஜ்யமா